எழுத்து விழுந்த இடம்

முப்பது பேர் ஒரே கூடத்தில் குனிந்து உட்கார்ந்து முப்பது பிளேடுகளால் வரைபடத் தாளில் பிசகிய மையைச் சுரண்டினால், பட்டுப்புழுக்கள் முசுக்கொட்டை இலை தின்கிற சத்தம் கேட்கும். மழைக்கு முந்திய மழை மாதிரி. யாரும் பேசமாட்டார்கள், மின்விசிறி போடமாட்டார்கள், தாள் பறக்கும். புனிதவதி அந்தச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்று காலை பதினொன்றரை மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, இரண்டு வரைபடங்களைப் பக்கம் பக்கமாக விரித்து, மூலைகளில் உப்பு ஜாடியையும் ஊறுகாய் பாட்டிலையும் கண்ணாடிக் கூட்டையும் வைத்தபோது அது காதுக்குள் மெல்லத் தொடங்கியது. இரண்டும் ஒரே மலை. இடப்பக்கம் இருப்பது வெள்ளைக்காரன் காலத்துத் தாள், 1913, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், துணி ஒட்டிய முதுகு, மடிப்புகளில் பழுப்பு. அவள் வேலை பார்த்த வரைபட அலுவலகம் கழித்துக்கட்டியபோது குப்பைக்குப் போகாமல் அவள் எடுத்துவந்தது. வலப்பக்கம் இருப்பது அவளே வரைந்தது. 1979-ல் வரைந்து 1982-ல் அச்சானது, ஒரு சென்டிமீட்டருக்கு அரை கிலோமீட்டர். ஓரத்தில் அவள் பெயர் இருக்காது, யார் பெயரும் இருக்காது, ஆனால் அந்த ஓடைகளின் வளைவில் தன் மணிக்கட்டு இருப்பது அவளுக்குத் தெரியும். அதே தாளின் இன்னொரு பிரதி இந்த நேரத்தில் நிஜ மலைமேல், தங்கை கோமளாவின் தோள்பையில் போய்க்கொண்டிருக்கிறது. கோமளா தாவரவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள், அறுபத்திநாலு வயது, கூடப் போயிருப்பது அவளோடு வேலை பார்த்த நஃபீசா. ஈட்டிக்கொல்லி என்கிற அந்த மலையூரில் நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் தங்கம் தோண்டினார்கள், தோண்டுவதற்காக மரம் வெட்டினார்கள். தங்கம் இல்லை என்று தெரிந்ததும் குழிகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். வெட்டின இடத்தில் ஈட்டிமரம் ஏன் திரும்ப முளைக்கவே இல்லை என்று கோமளா ஒரு கட்டுரை எழுதப்போகிறாளாம். ரிட்டயர் ஆன பிறகு எதுக்குடி கட்டுரை என்று கேட்டால், ரிட்டயர் ஆன பிறகுதானேக்கா உண்மையை எழுத முடியும் என்கிறாள்.

கூடவே போகிற மாதிரி இருக்கட்டும் என்றுதான் மேசையில் விரித்தாள். விரல் நுனிதான் ஜீப். விருந்தினர் விடுதியிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பியிருப்பார்கள், இங்கே பாலம், இங்கே தேயிலை முடிகிறது, இங்கே ஜீப்பை விட்டு இறங்க வேண்டும். பழைய தாளில் ஒரு விசித்திரம் உண்டு, அதைக் கோமளாவுக்குக் காட்டிக்கொடுத்ததே அவள்தான். மலை முழுக்கப் பச்சை அடித்திருக்கும், குழிகளைச் சுற்றி மட்டும் வெள்ளை. கொஞ்சம் கோணலான வட்டம். குழிக்குள் மண் சரியாமல் முட்டுக்கொடுக்க மரம் வேண்டும், எந்திரக் கொதிகலனுக்கு விறகு வேண்டும், கூலிகளின் குடிசைக்குக் கம்பு வேண்டும். பக்கத்தில் இருந்ததை முதலில் வெட்டினார்கள், அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்தது, வட்டம் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது, குளத்தில் கல் போட்ட மாதிரி. மலை முகட்டிலிருந்து ஓடைவரைக்கும் அளவுகோல் வைத்துப் போட்ட ஒரே நேர்க்கோடு. மலையில் நேர்க்கோடு என்று எதுவும் கிடையாது, நேராக ஒன்று இருந்தால் அதை மனிதன் போட்டான் என்று அர்த்தம். அது மரச்சறுக்கு. மேலே வெட்டிய ஈட்டித்தடிகளைக் கொழுப்புத் தடவி அதன் வழியாக உருட்டிவிடுவார்களாம். எழுபது வருஷம் கழித்து அவள் வரைந்தபோது அந்தக் கோடு ஒற்றையடிப் பாதையாகத் தேய்ந்திருந்தது, சின்னச் சின்னப் புள்ளிக்கோடாக அதைப் போட்டாள். கோமளா அதன் வழியாகத்தான் இறங்குவாள். முகட்டில் இரண்டு குழிகள், அதைப் பார்த்துவிட்டுச் சறுக்கு வழியாகக் கீழே ஊருக்கு. கீழே பார்த்து நடக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது. சின்ன வயசிலேயே அண்ணாந்துதான் நடப்பாள், இலையைப் பார்த்துக்கொண்டு, பூவைப் பார்த்துக்கொண்டு. செருப்பின் முன்பக்கம் பிய்ந்துபோனதுக்கு அம்மாவிடம் அவள் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. புனிதவதி விரலை நகர்த்தினாள். வலப்பக்கத் தாளில் இரண்டு குழிகள். இடப்பக்கத் தாளில், முகட்டில் இரண்டு, சரி, அப்புறம் சறுக்கின் பாதி வழியில், கோட்டை ஒட்டி, இன்னொன்று. நடுவில் கறுப்பு வைத்த சின்ன வட்டம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று. வலப்பக்கம் பார்த்தாள். இரண்டு.

தூசியாக இருக்கலாம். நகத்தால் தொட்டுப் பார்த்தாள், தூசியில்லை. சரி, இருக்கட்டும், 1977-ல் களத்துக்குப் போன அளவைக்காரர்கள் பார்த்திருப்பார்கள், மூடிப்போயிருக்கும், மண் சரிந்திருக்கும், இல்லை என்று குறித்திருப்பார்கள், அவர்கள் குறித்ததைத்தானே அவள் வரைந்தாள். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டிருந்தாள். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார். அந்தப் பெண் குரலுக்கு என்ன நிதானம். எல்லை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியுமா, எல்லையைக் கையால் போட்டவளிடம் சொல்கிறாள். நஃபீசாவின் எண்ணிலும் அதே பெண். விருந்தினர் விடுதிக்குப் போட்டாள். மூன்றாவது முறையில் ஓர் ஆள் எடுத்தான், மலையாளம் தோய்ந்த தமிழ். “ரெண்டு டீச்சர்மாரும் ஏழு மணிக்கே போயாச்சும்மா. சாயந்திரம் வரும்.” “அங்க சறுக்கு வழியில ஒரு குழி இருக்கு, அது அவங்ககிட்ட இருக்கிற மேப்புல இல்ல, யாரையாவது அனுப்பிச் சொல்ல முடியுமா?” அவன் சிரித்தான், கெட்ட சிரிப்பில்லை. “எந்தக் குழிம்மா? இங்க எல்லா இடமும் குழிதான். பொன்னு தோண்டின நாடாச்சே. நீங்க யானைக்குப் பயப்படுங்க, குழி இருந்த இடத்துலதான் இருக்கும், யானை தேடி வரும்.” “தயவுசெஞ்சு யாரையாவது...” “ஆள் இல்லம்மா, எல்லாரும் தேயிலைத் தோட்டத்துல பச்சை பறிக்கப் போயாச்சு. நான் கஞ்சி அடுப்புல வச்சிருக்கேன்.” வைத்துவிட்டான். குழி இருந்த இடத்திலேயே இருக்கும். அதுதானே, அதுதானே பயம்.

“ஏனுங்கம்மா, சோறு ஆறிப்போச்சுங்க.” பழனாத்தாள் ஈரக்கையோடு வந்து நின்றாள். பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், புனிதவதியை அதட்டும் உரிமை அவளுக்கு மட்டும் உண்டு. “மேசையெல்லாம் காயிதத்தப் பரப்பிட்டீங்கன்னா சோத்தத் தலைமேல வெச்சா திங்கறது?” கொஞ்சம் பொறு பழனா. “என்னத்தப் பொறுக்கறதுங்க, மூஞ்சி ஏன் இப்பிடிப் போச்சு, ஆராச்சும் செத்துட்டாங்களா?” வாயைக் கழுவு என்று அவள் போட்ட சத்தத்தில் பழனாத்தாள் ஓரடி பின்னால் போனாள், அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் எஃகுத் தொட்டியில் விழுந்தது. புனிதவதி பூதக்கண்ணாடியை எடுத்தாள். களத்துக்காரர்கள்தான். அவர்கள்தான். ஆனால் களத்துக்காரர்கள் இல்லையென்று குறித்தால் களக்குறிப்பு ஏட்டின் ஓரத்தில் சிவப்பில் எழுதுவார்கள், அந்த ஏட்டை அவள் வரிவரியாகப் படித்திருக்கிறாள். சிவப்பு இருந்ததாக நினைவில்லை. நினைவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா. தன் தாளில் மூன்றாவது குழி இருந்திருக்க வேண்டிய இடத்துக்குக் கண்ணாடியைக் கொண்டுபோனாள். அங்கே எழுத்து இருந்தது. ஊர்ப் பெயர், ஆங்கிலத்தில், கறுப்பில், அழகான சாய்வில்லாத எழுத்து. பழைய தாளில் பெயர் ஊருக்கு இடப்பக்கம் இருக்கிறது. புதிய தாளில் வலப்பக்கம். யார் நகர்த்தியது? எல்லைக்கோடு நகர்த்தியது. 1913-ல் இரண்டு பக்கமும் ஒரே மாகாணம். ஐம்பத்தாறில் மாநிலம் பிரித்தபோது ஊருக்கு இடப்பக்கம் ஒரு பெரிய எல்லைக்கோடு வந்துவிட்டது, பெயர் எல்லையைத் தாண்டி விழக்கூடாது என்பது விதி, ஒரு ஊரின் பெயர் அடுத்த மாநிலத்துக்குள் கால் நீட்டக்கூடாது. ஆகவே வலப்பக்கம். வலப்பக்கத்தில் சறுக்குப் பாதை. அதற்கும் விதி இருந்தது, முதல் நாளே மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: எழுத்து விழும் இடத்தில் கோட்டை வெட்டு. கோடு எழுத்துக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும், பார்க்கிறவன் கண் நடுவில் இருப்பதைத் தானே நிரப்பிக்கொள்ளும். கோட்டுக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று உண்டு. புள்ளிக்கு?

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பழனா, குழாயை மூடு. மூடினாள். அந்த அமைதியில் அந்த நாளின் நினைவு வந்தது, சொல்லிக்கொள்ளாமல், முழுசாக. அப்போதெல்லாம் பெயர்களைக் கையால் எழுதுவதில்லை. மெழுகு தடவிய மென்தாளில் அச்சாகி வரும், வெட்டி எடுத்து இடத்தில் வைத்து எலும்புக் கரண்டியால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். தேய்த்த பிறகு உரித்தால் கிழியும், மறுபடி அச்சாகி வரப் பத்து நாள். ஈட்டிக்கொல்லியை ஒட்டித் தேய்த்து முடித்த பிறகுதான் பார்த்தாள், மூன்றாவது குழியின் புள்ளி அந்தப் பெயரின் நடுவில் இருந்த ஆங்கில ஓ எழுத்துக்குள் சரியாக உட்கார்ந்திருந்தது, கூட்டுக்குள் முட்டை மாதிரி. பெயரை நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே பரிசோதகர் குஞ்சிதபாதம் பின்னால் வந்து நின்றுவிட்டார், நெற்றியில் விபூதி, காதில் நீலப் பென்சில். குனிந்து பார்த்தார். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “என்னம்மா புனிதா, உன் ஓ-வுக்கும் ஏழு மாசமா?” என்றார். இருபத்தொன்பது பிளேடுகள் ஒரே நேரத்தில் நின்றன. அப்புறம் சிரிப்பு. பெண்கள்கூடச் சிரித்தார்கள், விஜயலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புனிதவதிக்கு அப்போது ஏழு மாதம், வயிறு மேசை விளிம்பில் முட்டும், கை எட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் வரைவாள். அவர் கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார், அழி என்று அவர் சொல்லவே இல்லை, பிறகு நினைவாக வந்து பார்க்கக்கூட இல்லை. காது மடலெல்லாம் எரிந்தது. பிளேடின் மூலையை அந்தப் புள்ளியின்மேல் வைத்தாள். இரண்டே சுரண்டல். தூளை ஊதிவிட்டாள். ஓ வெறும் ஓ ஆனது. அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அழுதாள், சிரிப்புக்காக அழுதாள், புள்ளிக்காக இல்லை. புள்ளி ஞாபகத்திலேயே இல்லை, வயிற்றில் இருந்தது பிறந்து, வளர்ந்து, ஓசூரில் வீடு கட்டி, நாற்பத்திநாலு வயசாகி, இன்றைக்கு இந்த மேசையில்தான் மறுபடி.

ஓர் எழுத்தின் வயிறு ஒன்றரை மில்லிமீட்டர். தரையில் எழுபத்தைந்து மீட்டர். கணக்கு தானாக ஓடியது, நிறுத்த முடியவில்லை. முகட்டிலிருந்து ஊருக்கு நான்கு சென்டிமீட்டர், இரண்டு கிலோமீட்டர், இறக்கம், அவள் முழங்காலுக்கு ஒரு மணி நேரம், நின்று நின்று இலை பறிப்பதால் ஒன்றரை. இப்போது மணி ஒன்று பத்து. இப்போது எழுத்துக்கு மேலே இருப்பாள். இப்போது எழுத்துக்குள். நூறு அடி ஆழம் என்று அந்தக் காலத்துப் புத்தகத்தில் படித்திருக்கிறாள், சிலது இருநூறு, வாயில் கொடி படர்ந்து தரை மாதிரியே இருக்கும், அடியில் தண்ணீர். கொடி படர்ந்திருந்தால் கோமளா கிட்டப் போவாள், அது என்ன கொடி என்று பார்க்கத்தான் போவாள். மற்றவர்களைக் குழி விழுங்கும், இவளை அழைத்து விழுங்கும். மறுபடி எண்ணை அழுத்தினாள். எல்லைக்கு வெளியே. ஏன் பழைய தாளைக் கொடுக்கவில்லை? கேட்டாளே. போன வியாழக்கிழமை, இதே நாற்காலியில் உட்கார்ந்து, “ரெண்டையும் குடுக்கா, ரெண்டையும் வெச்சுப் பாத்தாதானே தெரியும்” என்று கேட்டாள். “பழசு கிழிஞ்சிடும்டி. என்னோடதை எடுத்துட்டுப் போ, அதுல எல்லாம் இருக்கு.” எல்லாம் இருக்கு. எல்லாம் இருக்கு. கிழியாது, துணி ஒட்டியது கிழியவே கிழியாது, அவளுக்குத் தெரியும். கோமளா கல்லூரியில் வகுப்பெடுத்தாள், மாநாட்டுக்குப் போனாள், செடிக்குப் பெயர் வைத்தாள். அக்கா முப்பத்திரண்டு வருஷம் பெயரில்லாமல் வரைந்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மலையில் நடக்கட்டும் என்று இருந்தது. அதற்காகக் கொடுத்தாள். இதை யாரிடம் சொல்வது, பழனாவிடமா? பழனா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். “சோத்த மூடி வெச்சிருக்கேனுங்க. உங்க தங்கச்சிக்கு ஒண்ணும் ஆவாதுங்க, அந்தம்மா நடந்தா மலை ஒதுங்கி வழி வுடும்.” யார் சொன்னது இவளிடம் தங்கச்சியைப் பற்றி? தானேதான் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாளா, எவ்வளவு நேரமாக, எதுவரைக்கும் சொன்னாள்? வாசல் கதவு சாத்திக்கொண்டது. ஒன்றே முக்கால். இரண்டு. பூதக்கண்ணாடியை அந்த ஓ-வின் மேலேயே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்து பார்த்தாள், எழுத்து கண்ணாடிக்கடியில் பெரிதாக, வட்டமாக, சுத்தமாக இருந்தது. எவ்வளவு நேர்த்தி. ஒரு பிசிறு இல்லை. சுரண்டியது நல்ல கை.

இரண்டு இருபதுக்குப் போன் அடித்தது. மேசை அதிர்ந்து உப்பு ஜாடி சரிந்தது.

“அக்கா! கேக்குதா? ஊருக்கு வந்துட்டோம். பத்து மிஸ்டுகால் காட்டுது, என்னாச்சு உனக்கு, பிரஷரா?”

புனிதவதி உப்பு ஜாடியை நிமிர்த்தினாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கோமளா மூச்சு வாங்கிக்கொண்டே, சந்தோஷமாக, பின்னால் நஃபீசா யாரிடமோ டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்வது கேட்க, பேசிக்கொண்டே போனாள். “சறுக்கு இன்னும் இருக்குக்கா. கல் பாவியிருக்கான், அட்டை கடிச்சதப் பாத்தா நீ மயக்கம் போட்ருவ. ஈட்டி ஒண்ணுகூட இல்ல, நான் சொன்னேன்ல. அப்புறம் பாதி வழியில ஒரு சிமெண்டு மேடை. மூணாவது குழி ஒண்ணு இருந்திருக்கு, மூடி வெச்சிருக்காங்க. அதுமேல உக்காந்துதான் இட்லி சாப்ட்டோம்.”

மூடி வைத்திருக்கிறார்கள். சிமெண்டு. இட்லி சாப்பிட்டார்கள். சிரிப்பு வந்தது, அழுகை மாதிரி ஒரு சிரிப்பு.

“நஃபீசா உன் ஷீட்டை லென்ஸ் வெச்சுப் பாத்தா, அந்தக் குழி அதுல இல்ல. பழசுல இருக்கா பாரேன்.”

“இருக்கு,” என்றாள் புனிதவதி.

“அப்ப களத்துக்குப் போனவன் மரத்தடியில தூங்கிட்டான்னு நெனைக்கறேன். பாவம்க்கா, இங்க டீக்கடையில சொன்னாங்க. காட்டுத்தீ தடுக்கக் கோடு வெட்ட வந்த பையனாம், ஃபாரஸ்ட்ல புதுசா சேர்ந்தவன். புது மேப்பு வந்த சமயம். ஊர்ல எல்லாருக்கும் குழி தெரியும், எல்லாருக்கும் தெரியுங்கறதால யாரும் சொல்லல. மேப்பைக் கையில விரிச்சு வெச்சுக்கிட்டு முன்னால போயிருக்கான். அதுக்கப்புறம்தான் மூடியிருக்காங்க. அக்கா? லைன்ல இருக்கியா?”

“அந்தப் புள்ளிய நான்தாண்டி சுரண்டினேன்.”

“என்ன?”

“களத்துக்காரன் போட்டிருந்தான். எழுத்துக்குள்ள விழுந்துது. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சுரண்டிட்டேன்.”

மலையில் ஏதோ பறவை கத்தியது. கிளாஸ் கழுவுகிற சத்தம். நஃபீசா என்ன, என்ன என்று கேட்பதும், கோமளா கையால் போனைப் பொத்துவதும், எடுப்பதும். கோமளா, வேறொரு குரலில், சின்ன வயசில் அடி வாங்கிவிட்டு அக்காவின் பாயில் வந்து படுத்துக்கொள்ளும் குரலில் கேட்டாள்.

“நீ சாப்ட்டியா?”

“இல்ல. மேடைல பேர் எழுதியிருக்கா?”

“போட்டோ எடுத்தேன். வேண்டாங்க்கா.”

“படி.”

கோமளா படித்தாள். போஜராஜன், கோத்தகிரிப் பக்கத்துக்காரன், வனக்காவலர். 1984 மார்ச் ஒன்பதாம் தேதி விழுந்தான். மூன்றாம் நாள் எடுத்தார்கள். இருபத்தாறு வயது.